கோப்பி மெஷினின் மூன்றாவது வயர்

வெள்ளிக்கிழமை மாலை மஃரிப் தொழுகைக்கு முன் என் மனைவி ஹோட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பருவத்துக்கும் சமையலறை வேலைக்கு வருகிறாளா, இல்லையா என்பதுதான் கேள்வி. அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் எங்கள் குசினி மேசையில் ஒரு பழைய இத்தாலியக் கோப்பி மெஷின் நின்றது. அதற்குள் ஒரு வயர்கூட இல்லை. அது வேலை செய்தால் அவள் போக மாட்டாள். செய்யாவிட்டால் பன்னிரண்டாவது வருடமும் போவாள்.

கற்பிட்டியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியதும் வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் கொளுவிக்கொண்டு, காலடியில் பலகையோடு களப்பில் சறுக்குவார்கள். அவர்களுக்காகவே எழுந்த ஹோட்டல்களில் ஒன்றில்தான் என் மனைவி பதினொரு பருவங்கள் காலைச் சாப்பாடு சமைத்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பில் நிற்பாள். அங்கே வெளியே, விருந்தாளிகள் பார்க்கும் இடத்தில், ஒரு கோப்பி மெஷின் இருந்தது. உள்ளே சமைக்கும் பெண்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அது வெளியே நிற்கும் ஆண்களின் வேலை.

இந்த வருடம் எங்கள் ஒழுங்கையில் மூன்று அறைகளை வாடகைக்கு விடும் பெண் ஒரு யோசனை சொன்னாள். அவளுடைய வீட்டில் விருந்தாளிகளுக்குச் சமைக்க இடமில்லை. காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றாள். இடியப்பம், அப்பம், சம்பல் எல்லாம் என் மனைவியின் கைக்குப் பழகியவை. ஆனால் ஒரு நிபந்தனை. காலையில் எழும்பியதும் அவர்கள் கேட்பது கோப்பி. அதுவும் மெஷினில் போட்ட கோப்பி. அது இல்லையென்றால் நேரே ஹோட்டலுக்கு நடந்துவிடுவார்கள், பிறகு அங்கேயே சாப்பிடுவார்கள். முதல் ஆறு பேர் சனிக்கிழமை வருவதாக இருந்தது.

மெஷின் எங்களிடம் வந்த விதம் எளிமையானது. பல பருவங்கள் வந்து போன ஓர் இத்தாலியப் பெண்மணி, இனி வர மாட்டேன் என்று வாடகை வீட்டைக் காலி செய்தபோது, அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய தாயின் வீட்டில் இருந்ததாம். செம்பில் ஒரு பொயிலர், வெளியே குரோம் பூச்சு, பக்கத்தில் நீளமான ஒரு கைப்பிடி. கைப்பிடியை உயர்த்தி, சற்று நிறுத்தி, கீழே அழுத்தினால் கொதிநீர் கோப்பித் தூளுக்குள் புகுந்து துளித்துளியாக இறங்கும். அந்த அழுத்தத்தை என் மனைவிக்குக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். கொடுக்கும்போதே மெஷின் நின்று போயிருந்தது.

நான் மின்சாரம் படித்தவன் அல்ல. இருபத்தெட்டு வருடங்கள் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குப் புத்தளத்திலிருந்து செய்தி அனுப்பியவன். ஆனால் கழற்றியதைக் கழற்றிய ஒழுங்கில் எழுதி வைக்கத் தெரியும். மூன்று மாதங்கள் எடுத்தேன். பொயிலரின் உட்சுவரில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு விரல் தடிப்பில் படிந்திருந்தது. எலுமிச்சை உப்பில் ஊறவைத்துக் கரைத்தேன். ரப்பர் வளையங்களை அந்தப் பெண்மணி தபாலில் அனுப்பினார். மீதி உலோகப் பாகங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் நல்ல தண்ணீர் பீப்பாவில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். கற்பிட்டியில் உலோகம் எதுவானாலும் அதுதான் முதல் வேலை. கடலால் வந்த படகு இஞ்சினை நல்ல தண்ணீரில் நிறுத்தி ஓடவிடுவார்கள். நங்கூரம், கத்தி, சைக்கிள் செயின், எல்லாவற்றையும் பீப்பாவுக்குள் போடுவார்கள். உப்பு போக வேண்டும். உப்பு போனால் சாமான் பிழைக்கும். அப்படித்தான் இங்கே எல்லோரும் நம்புகிறோம்.

திங்கட்கிழமை வயரிங்கைத் தொடங்கினேன். உள்ளே இருந்த பழைய வயர்களின் தோல் கை பட்டதும் உதிர்ந்ததால் அவற்றை முன்பே பிடுங்கியிருந்தேன். சூடு தாங்கும், நூல் சுற்றிய வயர் புத்தளத்தில் கிடைத்தது. பழைய மெஷினுக்குள் போனது இரண்டே இழைகள். ஒன்று சுவிட்சுக்கு, அங்கிருந்து சூடாக்கும் எலிமென்ட்டுக்கு. மற்றது எலிமென்ட்டிலிருந்து திரும்பி வர. நானும் இருந்தபடியே இரண்டு இழைகளைப் போட்டேன். நுனியில் இரண்டு கால் பிளக். எங்கள் சுவர்களில் இருப்பது மூன்று துளை. மேல் துளைக்குள் பேனை மூடியை விட்டு அழுத்தினால் கீழே இரண்டு துளைகளும் திறக்கும், இரண்டு கால் பிளக் உள்ளே ஏறும். போன் சார்ஜர் தொடங்கி ரேடியோ வரை நாங்கள் அப்படித்தான் ஏற்றுகிறோம். நானும் பேனையை எடுத்தேன்.

வேலை செய்தது. பத்து நிமிடத்தில் ஆவி வந்தது. என் மனைவி கைப்பிடியை உயர்த்தினாள், நிறுத்தினாள், அழுத்தினாள். கடுஞ்சிவப்பில் ஒரு நூல் இறங்கியது.

முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும் அவளுடைய தம்பி அன்று வந்திருந்தார். சின்னக் கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார்.

“இதென்ன ராத்தா, மருந்துக் குப்பி மூடியில ஊத்தினாப் போல? மிச்சம் எங்க?”

“மிச்சம் இல்ல. அவ்வளவுதான்.”

“இந்தளவுக்கா மச்சான் மூணு மாசம் குந்தின?”

“ஓம்” என்றேன்.

குடித்தார். முகத்தை ஒரு பக்கமாகச் சுழித்தார். “வெள்ளக்காரன் இதுக்காகவா பிளேன் ஏறி வாறான்? ராத்தா, ஒரு பிளேன் டீ போடு. வாயக் கழுவ வேணும்.”

செவ்வாய்க்கிழமையும் வேலை செய்தது. அவள் பதினான்கு கோப்பை போட்டுப் பழகினாள். நான் எண்ணினேன்.

புதன்கிழமை காலை குசினித் தரையைக் கழுவிவிட்டு வெறுங்காலோடு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“இஞ்ச பாருங்க, இது கடிக்குது.”

“எது?”

“மெஷின்தான். தொட்டாச் சுள்ளெண்டுது.”

“எறும்பாக்கும்.”

“எறும்பு கடிச்சா எனக்குத் தெரியாதா? எறும்பு ஒரு இடத்தில கடிக்கும். இது கை முழுக்க ஏறுது.”

டெஸ்டரை எடுத்து மெஷினின் குரோம் உடம்பில் வைத்தேன். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன பல்ப் எரிந்தது. வெளி உடம்பில் மின்சாரம் நின்றது. பிளக்கைப் பிடுங்கினேன்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. இரண்டு இழை வயரைக் கழற்றினேன். மூன்று இழை வயர் போட்டேன். மூன்றாவது இழை எர்த். அதை மெஷினின் உடம்போடு திருகாணி வைத்து இறுக்கினேன். உடம்புக்குக் கசியும் மின்சாரத்தை ஆளின் கால் வழியாகப் போகும் முன்பே மண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. நுனியில் ஒழுங்கான மூன்று கால் பிளக். பேனை தேவைப்படவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

வீடு முழுவதும் அணைந்தது. சுவரில், மின்சாரம் கசிந்தால் தானாக வெட்டும் ட்ரிப் சுவிட்ச் கீழ்ப்பக்கம் விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டுத் திரும்பவும் போட்டேன். திரும்பவும் விழுந்தது. பிழையாகப் பூட்டியபோது இரண்டு நாள் ஓடிய மெஷின், சரியாகப் பூட்டியதும் ஒரு விநாடி ஓடவில்லை.

பின்னேரம் வயரிங் பாஸைக் கூப்பிட்டேன். வண்ணாத்திவில்லுக்காரர். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளின் வயரிங் அவர் செய்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

“நானா, இது வெளிநாட்டுச் சாமான். இதுக்கு எர்த் தேவல்ல. கழட்டி உடுங்க, வேல செய்யும்.”

“உடம்பில கரண்ட் வருதே.”

“ராத்தாவ ரப்பர் செருப்பொண்டு போடச் செல்லுங்க.”

“அதுதான் வைத்தியமா?”

“கற்பிட்டியில எர்த் போட்டு ஒழுங்கா எரியிற வீடொண்டு காட்டுங்க பாப்பம். எல்லாம் உப்புக் காத்து நானா. எர்த்தக் குடுத்தா எல்லாம் விழும். ஐஸ் பெட்டியும் விழும்.”

“எங்கட ஐஸ் பெட்டிக்கு எர்த் இருக்குத்தானே?”

அவர் சிரித்தார். “அத நான்தானே கழட்டின, போன வருஷம். அதுக்குப் பொறகு விழுந்துதா?”

அந்த இடத்திலேயே அதைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு பூட்டினார். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. “போன வருஷம் மழ, அதுதான் விழுந்த” என்று சொல்லி ஹெல்மெட்டின் பட்டியை இறுக்கினார்.

அவர் போனதும் என் மனைவி செருப்பைக் கொண்டுவந்து மெஷினுக்கு முன் வைத்தாள்.

“அவர் செல்றது சரிதானே. கழட்டி உடுங்க. நான் செருப்போட நிக்கிறன்.”

“ஏலா.”

“ஹோட்டல்ல பதினொரு வருஷம் நிண்டன். அங்க எர்த் இருந்துதா எண்டு நான் குனிஞ்சு பாத்தனா?”

“இந்த வீட்டில நான் குனிஞ்சு பாத்துட்டன்.”

“அப்ப வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா? அதச் செல்லுங்க.”

“தெரியா.”

“தெரியாட்டி நான் ஹோட்டல் சட்டையக் கழுவிப் போடுறன்” என்றாள். போட்டாள். முற்றத்துக் கொடியில் அந்த வெள்ளைச் சட்டை, கைகள் இரண்டும் கீழே தொங்க, அன்று பின்னேரம் முழுவதும் காற்றில் ஆடியது.

நான் ஏன் மறுத்தேன் என்பதை எழுத வேண்டும். இருபத்தெட்டு வருடங்களில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களைப் பற்றி எத்தனை செய்தி அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது. நான்கு வரிச் செய்திகள். தண்ணீர் மோட்டர், ஐஸ் பெட்டி, துணி காயப் போட்ட கம்பி. வயது, ஊர், வைத்தியசாலை, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். எர்த் வயர் இருந்ததா, யார் கழற்றினார் என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரைவாசிப் பேருடைய வீட்டில் ஒரு பாஸ் வந்து சிரித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வந்து மெஷினைப் பிரித்தேன். ஒரு நீண்ட செய்தியில் பிழை எங்கே என்று தெரியாதபோது பந்தி பந்தியாக எடுத்துப் பார்ப்போம். அதையே செய்தேன். முதலில் வயரை மட்டும் சுவரில் பூட்டினேன். ட்ரிப் சுவிட்ச் நின்றது. அடுத்து மெஷினின் சுவிட்சையும் சேர்த்தேன். நின்றது. எலிமென்ட்டைச் சேர்த்தேன். விழுந்தது.

எலிமென்ட் என்பது வளைந்த ஒரு உலோகக் குழாய். அதன் நடுவே ஓடும் கம்பிதான் சூடாகிறது. கம்பி குழாயைத் தொடாமல் இருக்க, இடைவெளி முழுக்க வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள். மின்சாரத்துக்கு வழி இருக்கிறதா என்று காட்டும் மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைக் குழாயிலும் வைத்தேன். முள் அசையக் கூடாது. அசைந்தது. குழாயின் இரண்டு நுனிகளையும் கூர்ந்து பார்த்தேன். அடைப்புகள் வெடித்திருந்தன. அந்த வெடிப்பில் விரலை வைத்தேன். தூள் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

பீப்பா. இரண்டு நாள். மின்சாரம் போகும் நுனிகளையும் சேர்த்து, படகு இஞ்சினைப் போல முழுசாக மூழ்க வைத்திருந்தேன். உப்பைப் போக்கப் போய்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன். காற்று, பாஸ், இத்தாலி, எதிலும் குற்றமில்லை.

இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

“நான்தான் நனைச்சது.”

“எத?”

காட்டினேன். விரலால் தூளைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

“அப்ப காயப் போடுங்க.”

“வெயிலுக்குக் காயாது. உள்ளுக்க இருக்கு.”

அவள் சற்று யோசித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கோபமில்லாமல் பேசினாள். “ஹோட்டல்ல உப்பு ஈரமானா தட்டுல பரத்தி ஓவனுக்குள்ள வைக்கிற. அரை நாள் கிடந்தாப் பொரிஞ்சு வரும். இதயும் அப்பிடி வைக்க ஏலாதா?”

“எங்கட வீட்டில ஓவன் இல்லயே.”

“பேக்கரியில போறணை இருக்குத்தானே.”

தலவிலப் பக்கம் போகும் வீதியில் ஒரு பேக்கரி இருக்கிறது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். செங்கல்லில் கட்டிய விறகுப் போறணை. விடியற்காலைப் பாண் இறங்கிய பிறகு, அடுத்த நெருப்பு மூட்டும் பின்னேர அஸர் தொழுகை வரைக்கும், அந்தச் செங்கல் சூடு வீணாகத்தான் கிடக்கும். நான் போனபோது பேக்கரிக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எலிமென்ட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பினார்.

“என்ன இது, ஆட்டுக் கொம்போ?”

“கோப்பி மெஷினுக்குள்ள இருக்கிறது. ஈரம் போகோணும்.”

“எத்தின மணித்தியாலம் வேகோணும்?”

“நீங்க நெருப்பு மூட்டும் வரைக்கும்.”

“பாண் எண்டா நிறம் பார்த்து எடுப்பன். இதுக்கு என்ன நிறம் வரோணும்?”

“நிறம் மாறக் கூடாது.”

“நிறம் மாறாம வேகிற சாமான இண்டைக்குத்தான் பாக்கிறன்” என்று சொல்லி, ஒரு பாண் தட்டில் வைத்து, நீளப் பலகையால் போறணையின் பின்பக்கம் வரை தள்ளிவிட்டார். முன்னதாக அதில் இருந்த ரப்பர் வளையத்தை நான் கழற்றி எடுத்திருந்தேன்.

அஸருக்குப் போய் எடுத்தோம். பேக்கரி வாசலிலேயே மீட்டரை வைத்தேன். முள் அசைந்தது. காலையைவிடக் குறைவு. ஆனால் அசைந்தது. பாண் வாங்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“வேகேல்லயோ?” என்றார் பேக்கரிக்காரர்.

“அரை அவியல்.”

“வச்சிட்டுப் போங்கோ. போறணைக்கு மேல மணல் சூடா இருக்கு, விடியும் மட்டும் அங்க கிடக்கட்டும். நாளைக்குப் பாண் இறக்கின கையோட திரும்ப உள்ளுக்க தள்ளிவிடுறன். ஜும்ஆ முடிச்சு வாங்கோ.”

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத்தான் தெரியும் என்றேன். சரி என்றாள்.  வியாழன் மீதி நேரத்தில் எலிமென்ட் இல்லாத மெஷினில் மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். எர்த் திருகாணிக்குக் கீழே படிந்திருந்த களிம்பைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொட வைத்தேன். முதல் தடவை அதைச் செய்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியிலிருந்து நேரே பேக்கரிக்குப் போனேன். பேக்கரிக்காரரும் அதே பள்ளியிலிருந்து எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே போறணைக்குள் பலகையை விட்டார். தட்டு வெளியே வந்தது. சூடு ஆறும்வரை நின்றோம். ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் நான் மீட்டரை எடுக்கவில்லை.

“வையுங்கோவன்” என்றார்.

வைத்தேன். முள் அசையவில்லை. முனைகளை மாற்றி வைத்தேன். அசையவில்லை. மீட்டர் செத்துவிட்டதோ என்று அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். முள் துள்ளி மறுபக்கம் போனது. மீட்டர் உயிரோடுதான் இருந்தது.

மறுபடி ஈரம் ஏற விடக் கூடாது. அந்த இடத்திலேயே, எலிமென்ட்டின் இரண்டு நுனிகளையும் சூடு தாங்கும் சிவப்புப் பசையால் அடைத்தேன். பசை காய வேண்டிய நேரத்தைக் கொடுத்தேன். அதற்குள் மூன்று மணி தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து, ரப்பர் வளையத்தைப் போட்டு, எலிமென்ட்டைப் பொயிலருக்குள் இறக்கி, வயர்களை இறுக்கி, அடித்தட்டை மூடும்போது அஸர் பாங்கு முடிந்து வெகு நேரம். மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அவளுடைய கையில் இருந்தது.

தண்ணீர் ஊற்றினேன். மூன்று கால் பிளக்கைப் பூட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஐஸ் பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பொயிலருக்குள் தண்ணீர் சத்தம் போடத் தொடங்கியது. டெஸ்டரைக் குரோமில் வைத்தேன். எரியவில்லை. என் புறங்கையை வைத்தேன். இளஞ்சூடு மட்டும்.

“தள்ளுங்க” என்றாள்.

ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் ஏறி நின்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு ஈரக் கைகளையும் மெஷினின் அடித்தட்டில் வைத்தாள். அப்படியே நின்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

“கடிக்கல்ல” என்றாள்.

பிறகு கோப்பித் தூளை அழுத்திப் போட்டு, கைப்பிடியை உயர்த்தி, நிறுத்தி, அழுத்தினாள். கோப்பை நிறைந்தது. அதை அவள் குடிக்கவில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஹோட்டலுக்குப் போன் எடுத்தாள். மனேஜர் சிலாபத்துக்காரர், கதை சிங்களத்தில் நடந்தது. அவளுடைய பக்கத்தை மட்டும் கேட்டேன். தமிழில் அது இவ்வளவுதான்:

“இல்ல சேர், நான் வரல்ல... சுகமாத்தான் இருக்கன். கை கால் எல்லாம் நல்லம்... இல்ல, வேற ஹோட்டலுக்கும் போகல்ல. எங்கட வீட்டிலதான் வேல.”

அந்தப் பக்கத்தில் நீண்ட கதை.  கடைசியில் “பெரிய உபகாரம் சேர்” என்று சொல்லி வைத்தாள்.

நான் இன்னும் டெஸ்டரோடு நின்றேன். கைப்பிடியின் ஆணி, ஆவிக் குழாய், அடித்தட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலையில ஆறு பேர்” என்றாள். “வீட்டில ஒரு சொட்டுப் பால் இல்ல. இன்னும் என்னத்தத் தடவிக்கொண்டு நிக்கிற நீங்க? கடை பூட்ட முந்திப் போங்க.”

டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன்.